கொலோனோஸ்கோப்பிக்கு வயித்தை ரெடி பண்றது எப்படி: 7 தடவை போட்டவன் சொல்றேன்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல்ல புண் வர்ற நோய், வந்து 13 வருஷம் ஆச்சு. கொலோனோஸ்கோப்பின்னா கேமரா வச்ச வளையற குழாயை (ஸ்கோப்) ஆசனவாய் வழியா விட்டுப் பெருங்குடலைப் பாக்கற டெஸ்ட், இதுவரைக்கும் 7 தடவை போட்டாச்சு, அதுல ஒண்ணு தண்டமாப் போச்சு, அது ஏன் போச்சுன்னு சொல்றதுக்குத்தான் முக்கியமா இதை டைப் பண்ணிட்டு இருக்கேன். முதல் தடவை போறவங்க எல்லாரும் கேக்குறது "வலிக்குமா"ன்னு தான். ஸ்கோப் உள்ள போற நேரத்துல பெரும்பாலும் நீங்க தூங்கிட்டு இருப்பீங்க, இல்ல அரைத்தூக்கத்துல இருப்பீங்க, அதை நெனச்சு பயப்படாதீங்க. படுத்தி எடுக்கறது முந்தின நாள் ராத்திரி தான், அந்த ராத்திரியை ஒழுங்கா ஓட்டிட்டா மிச்சம் டாக்டர் பாடு.

பெருங்குடல் சுமாரா ஒன்றரை மீட்டர் நீளம். பைப் மாதிரி வழவழன்னு இருக்காது, மடிப்பு மடிப்பா இருக்கும், ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாடியும் எட்டிப் பாக்கணும். பாலிப்னா குடலோட உள்பக்கம் வளர்ற சின்னச் சதை, அது காளான் மாதிரி காம்போட நீட்டிட்டு நிக்கும்னு நெனைக்கிறோம், ஆனா சிலது தட்டையா தோலோட தோலா ஒட்டிக் கெடக்கும், அது மேல கொஞ்சம் கழிவு படிஞ்சிருந்தா போச்சு, கேமரா பாக்காமலே தாண்டிப் போயிடும். டாக்டர் ஸ்கோப் வழியாவே தண்ணி அடிச்சு உறிஞ்சி எடுப்பார் தான், ஆனா கெட்டியா இருக்கறதையும் விதை, பழத்தோல் மாதிரி ஐட்டத்தையும் உறிஞ்சப் போனா அந்தச் சின்னக் குழாய் அடைச்சுக்கும். குடல் எவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு மார்க்கே போடுவாங்க தெரியுமா? போஸ்டன் ஸ்கோர்னு பேரு. வலது, நடு, இடதுன்னு குடலை 3 பாகமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும், மொத்தம் 9க்கு. ஒவ்வொரு பாகத்துலயும் 2க்குக் கொறையாம வந்தா பாஸ். ரிப்போர்ட் வந்ததும் நான் முதல்ல தேடுறது அந்த நம்பரைத்தான், பரீட்சை பேப்பர் வாங்கின பையன் மாதிரி.

சரி, ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறவங்க 5, 7 நாள் முன்னாடியே நிறுத்தணும், அது மலத்தைக் கறுப்பா பசை மாதிரி ஆக்கிடும், கழுவினாலும் போகாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்கன்னா, அதாவது வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் இந்த வகை, நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா தொடரவும் செய்யாதீங்க, ஸ்கோப் போடுற டாக்டர்கிட்டயும் அந்த மாத்திரை எழுதின டாக்டர்கிட்டயும் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. சுகர் இருக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். சாப்பாடு இல்லாத நாள்ல வழக்கமான இன்சுலின் டோஸைப் போட்டா சுகர் தடால்னு இறங்கிடும், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரையெல்லாம் குறைஞ்சது 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க, ஏன்னா பட்டினியோட சேர்ந்தா கீட்டோஅசிடோசிஸ்ல, அதாவது ரத்தத்துல அமிலம் ஏறற ஆபத்துல, கொண்டுபோய் விடலாம். வாரத்துக்கு ஒரு தடவை போடுற செமாக்ளூடைட் ஊசி இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க, வயிறு காலியாக லேட் ஆகும்ங்கறதால மயக்கம் கொடுக்கறவருக்கு அது தெரியணும். கிட்னி, இதயப் பிரச்சனை இருந்தா பேதி மருந்தே மாறும், அதனால பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த பவுடரை வாங்கிட்டு வந்து குடிக்கற வேலை வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு விஷயத்துல பெரிய ரகசியம் எதுவும் இல்ல. 2, 3 நாள் முன்னாடி இருந்து விதை, கொட்டை, பயறு, கீரை, தோலோட பழம், தவிடு நீக்காத தானியம் எல்லாத்தையும் ஒதுக்குங்க. வெள்ளைச் சோறு, முட்டை, மீன், வெள்ளை ரொட்டி போதும். வருஷம் பூரா நார்ச்சத்து நார்ச்சத்துன்னு உயிரை எடுப்பாங்களே, அதுக்கு நேர் எதிரா சாப்பிட லைசன்ஸ் கிடைக்கிற ஒரே சமயம் இதுதான். முந்தின நாள் சிலருக்கு காலைல லேசா சாப்பிடலாம்னு சொல்லுவாங்க, சிலருக்கு முழுக்க தெளிஞ்ச திரவம் மட்டும். தெளிஞ்சதுன்னா கிளாஸுக்குப் பின்னாடி விரலை வச்சா தெரியணும், அவ்வளவுதான் கணக்கு. தண்ணி, பால் இல்லாத டீ, வடிகட்டின சூப், ஆப்பிள் ஜூஸ் ஓகே. சிவப்பு, ஊதா கலர்ல எதுவும் வேண்டாம், உள்ள அது ரத்தம் மாதிரி தெரியும்.

இப்ப மெயின் மேட்டர், அந்த மருந்து. நிறைய இடத்துல கொடுக்கறது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமா பெக். பவுடரைத் தண்ணில கலக்கிக் குடிக்கணும், பழைய வகை 4 லிட்டர், இப்ப 2 லிட்டர்லயும் வருது. இதைக் குடல் உறிஞ்சிக்காது, குடிச்ச தண்ணி உள்ளே இருக்கறதை எல்லாம் வழிச்சிட்டு அப்படியே வெளிய போகும், கூடவே உப்பும் சேர்த்திருக்கறதால உடம்புல சோடியம் பொட்டாசியம் பெரிசா ஏறி இறங்காது. ருசி? வெதுவெதுன்னு உப்பு போட்ட சோப்புத் தண்ணி. அதனால மதியமே கலக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, ஜில்லுனு இருந்தா பாதி நாத்தம் போயிடும். ஸ்ட்ராவை நாக்குக்குப் பின்பக்கமா வச்சு இழுங்க. ஒரு டம்ளர் குடிச்சதும் எலுமிச்சம்பழத் துண்டை நக்குங்க. நான் பாட்டில்ல மார்க்கர் பேனாவால 250 எம்எல்லுக்கு ஒரு கோடு போட்டு வச்சிடுவேன், 10, 15 நிமிஷத்துக்கு ஒரு கோடு இறங்கணும், அவ்வளவுதான் டார்கெட், மொத்தப் பாட்டிலைப் பாத்து மலைச்சுப் போகாம அடுத்த கோட்டை மட்டும் பாக்கறது எனக்கு வொர்க் ஆகுது. குமட்டல் வந்தா அரை மணி நேரம் நிறுத்திட்டு வீட்டுக்குள்ளயே நடங்க, அப்புறம் மெதுவா ஆரம்பிங்க. வாந்தி நிக்கலைன்னா போன் பண்ணிக் கேளுங்க. கூடவே சாதாத் தண்ணியும் குடிங்க, இல்லன்னா தலைவலி மண்டையைப் பிளக்கும்.

முதல் ஒரு மணி நேரம் ஒண்ணும் நடக்காது. என்னடா மருந்து வேலை செய்யலையேன்னு தோணும். அந்த நேரத்துல தைரியமா வெளில போய்டாதீங்க, வரும்போது சொல்லிட்டு வராது.

முதல் மோஷன் போறதுக்கு முன்னாடியே ஆசனவாயைச் சுத்தி வாசலின் தடவிடுங்க, ஒவ்வொரு தடவை போய்ட்டு வந்ததும் மறுபடி தடவுங்க. இதை எனக்கு யாரும் சொல்லித் தரல, மூணாவது ஸ்கோப்புக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது. எரிச்சல் வந்தப்புறம் தடவினா லேட். பேப்பரால தேய்க்காதீங்க, தண்ணி ஊத்திக் கழுவி ஒத்தி எடுங்க. போனை சார்ஜ்ல போட்டு பாத்ரூம் பக்கத்துலயே வச்சுக்கோங்க.

என் தண்டமான கதை இங்க தான் வருது. மருந்தை ரெண்டு பாகமா குடிக்கச் சொல்லுவாங்க, பாதி முந்தின நாள் சாயங்காலம், மீதி ஸ்கோப்புக்கு 4, 6 மணி நேரம் முன்னாடி, அதாவது காலை 9 மணி ஸ்கோப்னா விடியக்காலம் எந்திரிக்கணும். ரெண்டாவது தடவை நான் என்ன பண்ணேன்னா, ராத்திரி 11 மணிக்கே தண்ணி மாதிரி போக ஆரம்பிச்சிடுச்சு, சரி க்ளீன் ஆயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டு, அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். கண்ணு முழிச்சப்போ டாக்டர் முகத்தைப் பாத்தே புரிஞ்சுது. வலது பக்கம் பூரா மஞ்சளா சளி மாதிரி படிஞ்சிருக்கு, ஒண்ணும் தெரியல, மறுபடி வாங்கன்னுட்டார். நான் தூங்கின நேரத்துல சிறுகுடல்ல இருந்து பித்தம் கலந்த திரவம் இறங்கிக்கிட்டே இருந்திருக்கு, அது முதல்ல வந்து படியறது வலது பக்கத்துல தான். அந்த ரெண்டாவது பாட்டில் அதைக் கழுவத்தான். ஆறு வாரத்துல திரும்பவும் முதல்ல இருந்து எல்லாம். அதனால சொல்றேன், முதல் பாட்டிலை எப்படிக் குடிச்சீங்கங்கறதைவிட ரெண்டாவதை முழுசா முடிச்சீங்களாங்கறது தான் விஷயம். கடைசியா போறது சிறுநீர் மாதிரி தெளிவா, லேசா மஞ்சளா இருக்கணும். பழுப்பா, கலங்கலா இருந்தா போன உடனே நர்ஸ்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க, ஏதாவது வழி பண்ணுவாங்க. ஸ்கோப்புக்கு எத்தனை மணி நேரம் முன்னாடி தண்ணியையும் நிறுத்தணும்னு அவங்க சொல்ற நேரத்தையும் மீறாதீங்க, சாதாரணமா குறைஞ்சது 2 மணி நேரம் சொல்லுவாங்க.

ஆஸ்பத்திரில நடக்கறது சட்டுனு முடிஞ்சிடும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுவாங்க, கைல மயக்க ஊசி, மிடாசோலாமோ ப்ரொபோஃபாலோ, அவ்வளவுதான், 30, 45 நிமிஷத்துல எல்லாம் ஓவர். ஸ்கோப்பை உள்ள விடும்போது பாக்கறதைவிட வெளிய எடுக்கும்போது தான் நிதானமா பாப்பாங்க. பயாப்ஸி, அதாவது டெஸ்டுக்குத் துளி சதை, எடுத்தாலும் வலிக்காது, குடலோட உள்தோலுக்குக் கிள்ளினா தெரியாது. முடிஞ்சதும் வாயு வரும், அடக்காதீங்க, அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க, நர்ஸே விடச் சொல்லுவாங்க. கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும், 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, கையெழுத்து கிய்யெழுத்து எதுவும் போடாதீங்க. டாக்டர் சொல்றதை அந்த ஆளையும் கூட நின்னு கேக்கச் சொல்லுங்க, ஏன்னா நீங்க தலையை ஆட்டிட்டு எல்லாத்தையும் மறந்துடுவீங்க. அடுத்த ரெண்டு மூணு நாள் மோஷன் வராம இருக்கலாம், குடல் காலியா இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. ஆனா வயிறு கல்லு மாதிரி இறுகி வலி கூடிட்டே போறது, காய்ச்சல், கட்டி கட்டியா ரத்தம், இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம உடனே கிளம்புங்க. குடல்ல ஓட்டை விழறது ரொம்ப அபூர்வம், இருந்தாலும் நடக்கும். பாலிப் எடுத்திருந்தா ரெண்டு வாரம் வரைக்கும் கூட ரத்தம் வரலாம்.

இனி குடல் நோய் இருக்கறவங்களுக்கு மட்டும். முதல்ல ஒண்ணு, ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் கோளாறு) வேற, ஐபிடி (IBD, குடல் அழற்சி நோய்) வேற. ஐபிஎஸ்ல குடல் பாக்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யற விதம் தான் கோளாறு. ஐபிடில புண்ணே இருக்கும். அதுல முக்கியமா ரெண்டு வகை, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடல்ல ஆரம்பிச்சு விடுபடாம மேல ஏறும், பெருங்குடலோட நிக்கும். க்ரோன்ஸ் வாய்ல இருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா, விட்டு விட்டு வரும்.

நமக்கு ஸ்கோப் ஒரு தடவையோட முடியற சமாச்சாரம் இல்ல. சாதாரண ஆளுக்கு 45, 50 வயசுல ஒரு தடவை பாத்து எல்லாம் நல்லாருந்தா 10 வருஷம் கழிச்சு வாங்கம்பாங்க. பெருங்குடல்ல நோய் பரவியிருக்கறவங்களுக்கு, அறிகுறி ஆரம்பிச்ச 8 வருஷத்துல புற்றுநோய்க்கான கண்காணிப்பு ஸ்கோப் ஆரம்பிக்கும், அப்புறம் ரிஸ்க்கைப் பொறுத்து வருஷா வருஷமோ சில வருஷத்துக்கு ஒரு தடவையோ. மலக்குடலோட மட்டும் நிக்கறவங்களுக்கு இது வழக்கமா தேவைப்படாது. பித்தக்குழாய் நோயான பிஎஸ்சி கூட இருந்தா கண்டுபிடிச்ச நாள்ல இருந்தே வருஷத்துக்கு ஒண்ணு. நோய் அடங்கி இருக்கும்போது போடறது தான் நல்லது, புண் இருந்தா எது வீக்கம் எது கெட்ட செல்லுன்னு பிரிக்கறது கஷ்டம். சில சமயம் நீலச் சாயம் தெளிச்சுப் பாப்பாங்க, வீட்டுக்கு வந்து நீலமா போச்சுன்னா பயந்துடாதீங்க. மருந்து வாங்கும்போது ஐபிடி இருக்குன்னு கட்டாயம் சொல்லுங்க, சோடியம் ஃபாஸ்ஃபேட் வகைப் பேதி மருந்து குடல்ல சின்னச் சின்னப் புண்ணைத் தானே உண்டாக்கும், அதைப் பாத்துட்டு நோய் திரும்பிடுச்சுன்னு குழம்பிடுவாங்க. குடல் சுருங்கி அடைப்பு இருக்கறவங்களும், ஃப்ளேர்ல, அதாவது நோய் கிளம்பி, கெடக்கறவங்களும் முழுப் பேதி மருந்தைக் குடிக்கறதுக்கு முன்னாடி பேசியே ஆகணும்.

மத்த நாள்ல எப்படி இருக்கறதுன்னு கேட்டா, நான் கத்துக்கிட்ட முதல் பாடம், நல்லாருக்குன்னு மெசலமைனை, அதாவது கொலைட்டிஸை அடக்கி வைக்கற மருந்தை, நிறுத்தாதே. மாத்திரை சாப்பிடறதால தான் நல்லாருக்குங்கறது எனக்குப் புரிய ரெண்டு ஃப்ளேர் ஆச்சு. ஸ்டீராய்டு அதுக்கு நேர் எதிர், தீயை அணைக்க மட்டும், வருஷக்கணக்கா ஓட்டறதுக்கு இல்ல, அதே சமயம் திடீர்னு நிறுத்தவும் கூடாது, படிப்படியா குறைக்கணும். தலைவலி மூட்டுவலிக்கு ஐப்யூப்ரோஃபன், டைக்ளோஃபினாக் கைல எடுக்காதீங்க, பாரசிட்டமால் பரவால்ல. அசதையோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமேப் மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற மருந்துல இருந்தா உயிருள்ள கிருமி வச்ச தடுப்பூசி கூடாது, போடறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. எது சாப்பிட்டா ஒத்துக்கலைங்கறது ஆளுக்கு ஆள் மாறும், யாரோ போட்ட லிஸ்ட்டைப் பாத்து எல்லாத்தையும் விட்டுட்டு எலும்பும் தோலுமா ஆகாதீங்க. க்ரோன்ஸ் இருந்தா சிகரெட்டை விட்டே ஆகணும்.

சந்தேகம் வந்தா ஸ்கோப்புக்கு முன்னாடி மலத்துல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் இருக்கு, உள்ள வீக்கம் இருக்கான்னு ஓரளவுக்கு அதுலயே தெரியும். ஃப்ளேர் மாதிரி தோணினா சி டிஃப் கிருமியும் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, சில தடவை அது தான் வேஷம் போட்டுட்டு வரும். நான் ஒரு குட்டி நோட்ல தேதி, எத்தனை தடவை போனேன், ரத்தம் உண்டா இல்லையா, ராத்திரி தூக்கத்துல எழுப்புச்சா, இந்த நாலு மட்டும் எழுதுவேன். டாக்டர் ரூம்ல "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டதும் "பரவால்ல சார்"னு வாய்ல வந்துடும், நோட்டைத் தள்ளிட்டா அது உண்மையைச் சொல்லிடும். ஸ்கோப் ரிப்போர்ட்டும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் தனித்தனியா வரும், பயாப்ஸி சில நாள் லேட்டாகும், ரெண்டையும் காப்பி எடுத்து அதே நோட்டுக்குள்ள சொருகி வச்சுக்கோங்க, டாக்டர் மாறினா முதல்ல கேக்கறது அதைத்தான்.