பருத்தி பெட்ஷீட்: பெரிய எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள்

பாக்கெட்டில் 800, 1000 என்று நூல் எண்ணிக்கை போட்டிருந்தால் விலையும் கூடவே ஏறிவிடும். அதற்கு மயங்க வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் அவ்வளவு நூலை நெருக்கி நெய்வது கடினம். பெரும்பாலும் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கி, ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணிக் காட்டுகிற கணக்குதான் அது. தினசரி உபயோகத்துக்கு 200 முதல் 400 வரை தாராளம்.

எண்ணை விடத் துணியை நம்புங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெசவு சீராக, திட்டுத்திட்டாக இல்லாமல் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு ஓரத்தை இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கிப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தாலோ, விறைப்பு போய்த் துணி தொளதொளவென்று ஆனாலோ, அதுவரை கனம் காட்டியது கஞ்சிதான். இரண்டு சலவையில் கஞ்சி கரைந்து துணி மெலிந்துவிடும்.

லேபிளில் '100% பருத்தி' என்று தெளிவாக இருக்கட்டும். 'காட்டன் ரிச்' என்றால் பாலியஸ்டர் போன்ற வேறு இழையும் கலந்தது. அதிகம் வியர்ப்பவர்களுக்குப் பெர்கேல் நெசவு (நூல் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறிப் போகும் சாதா நெசவு) நல்லது. சாட்டீன் நெசவு வழவழப்பாக இருக்கும், ஆனால் கொஞ்சம் சூடு தங்கும்.

பருத்தி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும். அதனால் மெத்தையின் உயரத்தையும் சேர்த்து அளந்து, நாலைந்து அங்குலம் கூடுதலாகவே வாங்குங்கள்.