சுடும் பொம்மைகள்: கண்ணை மட்டும் நினைத்தால் போதாது

குண்டு சுடும் துப்பாக்கி, அம்பு விடும் வில் என்று எதை வாங்கினாலும் பெற்றோருக்கு வரும் முதல் பயம், கண்ணில் பட்டுவிடுமோ என்பதுதான். நியாயமான பயம். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம், அதுதான் தவறு. தொண்டை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

1978 கடைசியில் அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மாட்டெல் நிறுவனத்தின் கலோனியல் வைப்பர் என்ற விண்கலப் பொம்மையை வாயில் வைத்தபடி பொத்தானை அழுத்திவிட்டான். விரல் நுனி அளவு ஏவுகணை தொண்டைக்குள் பாய்ந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. 1979 ஜனவரியில் நிறுவனம் அந்த ஏவுகணைகளைத் திரும்பக் கேட்டது. அனுப்பி வைத்தால் ஒரு ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் இலவசம். பொம்மையைப் பறித்தால் பிள்ளை அழும், காரைக் காட்டிக் கேட்டால் கொடுத்துவிடும் என்று யாரோ சரியாகவே யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு வயது நான்கு என்பதைக் கவனியுங்கள். ‘மூன்று வயதுக்கு மேல்’ என்று அட்டையில் இருந்தால் வாயில் வைக்க மாட்டார்கள் என்று நம்புவது அடுத்த தவறு. கை இரண்டும் வேலையாக இருந்தால் பள்ளிக்கூடப் பையன்களும் குண்டைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் துப்பாக்கியை நிரப்புவார்கள். மெத்தென்ற ரப்பர் நுனி இருப்பதால் ஆபத்தில்லை என்பதும் சரியல்ல. சுவரில் ஒட்டும் அந்தக் கிண்ண நுனி மூச்சுக்குழாயின் வாயிலும் அப்படியே ஒட்டி அடைத்துவிடும். 2010இல் அமெரிக்காவில் டார்ட் எனும் சிற்றம்பைச் சுடும் சுமார் 18 லட்சம் மலிவு விலைத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது, டார்ட் தொண்டையில் சிக்கிச் சிறுவர்கள் இறந்ததால்தான்.

ஒரு பாகம் தொண்டையை அடைக்கும் அளவு சிறியதா என்று உள்ளே போட்டுச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். வீட்டில் அது இருக்காது. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய் அதைவிடச் சற்று அகலம். குண்டு அதற்குள் முழுதாக மறைந்தால், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

துப்பாக்கி வடிவில் இல்லாததைப் பொருட்படுத்தாமல் விடுவது இன்னொரு தவறு. கயிற்றை இழுத்தால் சுழன்று பறக்கும் ஸ்கை டான்சர்ஸ் என்ற தேவதைப் பொம்மையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாத அந்தத் தேவதை கண்ணைக் கீறியது, பல்லை உடைத்தது. 2000இல் கிட்டத்தட்ட 89 லட்சம் பொம்மைகள் திரும்பப் பெறப்பட்டன.

திரும்பப் பெற்றாகிவிட்டது என்றால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அக்கா பிள்ளை விளையாடியது தம்பி பிள்ளைக்கு வரும், அப்புறம் பழைய சாமான் கடைக்குப் போகும். பழைய பொம்மை கைக்கு வந்தால் அதன் பெயரையும் மாடல் எண்ணையும் இணையத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். புதிதாக வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். துப்பாக்கியை முத்திரை பார்த்து வாங்கிவிட்டு, குண்டு தீர்ந்ததும் பெயரில்லாத பாக்கெட்டை உதிரியாக வாங்கினால் பயனில்லை.

கண் விஷயத்துக்கும் வருவோம். நுரைக் குண்டு பட்டே கண்ணுக்குள் ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2017இல் எழுதினார்கள். அதில் இரண்டு பேர் பெரியவர்கள். கண்ணில் அடிபட்டால் கசக்கவிடாதீர்கள். வலி குறைந்துவிட்டதே என்று மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே கசிந்த ரத்தம் எப்போதும் வெளியில் தெரியாது.