ஒரே குளக்கரை, ஒரே சந்தை: குமரி மாவட்டத்தில் போட்டோ எடுக்கப் பழகுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கையில் கேமரா வந்ததும் முக்கடல் சங்கமத்துக்குப் போய்ச் சூரிய உதயம் எடுக்கத்தான் தோன்றும். 133 அடி வள்ளுவர் சிலை, பக்கத்தில் விவேகானந்தர் பாறை, இரண்டுக்கும் பின்னால் சிவந்த வானம். எடுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே பாதி வேலையை வானமே செய்துவிடும். நாம் பழகிக்கொள்ள அதிகம் மிஞ்சாது. கை பழக வேண்டுமென்றால், நடந்தோ ஸ்கூட்டரிலோ போய்வரக்கூடிய ஒரு சாதாரண இடம் வேண்டும். அங்கே அலுக்காமல் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

படி 1: இருக்கிற போனே போதும்

புது லென்ஸ், டிரைபாட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். போன் கேமராவின் செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை (திரையைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் கோடுகள்) போட்டுவிடுங்கள். பியூட்டி ஃபில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். திரையில் எதைத் தெளிவாகக் காட்ட வேண்டுமோ அதைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் தொட்ட இடத்தில் ஒரு சின்னச் சூரியக் குறி வரும். அதை மேலே இழுத்தால் படம் வெளிச்சமாகும், கீழே இழுத்தால் இருட்டாகும். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் லென்ஸைத் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். உப்புக் காற்று மெல்லிய படலமாகப் படிந்து படம் முழுக்கப் பனி மூட்டம் போலக் காட்டும். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதிவிட்டு அப்புறம் துணியை வையுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும்.

படி 2: இடத்தை முடிவு செய்யுங்கள்

தோவாளைக்காரருக்குப் பூச்சந்தை, குளச்சல்காரருக்குக் கடற்கரை, குலசேகரம்காரருக்கு ரப்பர் தோட்டம், தேரூர்க்காரருக்குக் குளம். எதுவானாலும் சரி, ஆள் நடமாட்டமும் வேலையும் நடக்கிற இடமாக இருந்தால் நல்லது. வாரம் இரண்டு நாள் போனால் போதும். ஒரு நாள் விடியற்காலை, ஒரு நாள் சாயங்காலம்.

ஏன் இந்த நேரங்கள்? நம் மாவட்டம் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 8 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. அதனால் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும், முகத்தில் கண்குழி கறுத்துப்போகும். காலையில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் மரப்பட்டையின் சொரசொரப்பு, வலையின் கண்ணி எல்லாம் எழும்பித் தெரியும். ஆண்டு முழுக்க இங்கே சூரியன் உதிப்பது சுமார் 6 மணிக்கும் 6.40-க்கும் இடையில்தான். அலாரம் வைக்க அதிகம் யோசிக்க வேண்டாம்.

படி 3: கேமராவின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கேமராவுக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிற அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இப்போதைய போன்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன, ஆனாலும் முழுக்க விட்டபாடில்லை.

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூக் குவியலை நெருக்கமாக எடுத்துப் பாருங்கள். வெள்ளைவெளேரென்று இருக்கிற பூ படத்தில் மங்கலாக, அழுக்கேறியது போல வரும். புத்தளம் உப்பளத்தில் உப்புக் குவியலுக்கும் இதே கதிதான். சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் வெள்ளை வெள்ளையாகும். அதற்காக ஒரேயடியாக இழுத்துவிடக் கூடாது. இதழின் வரியும் உப்பின் பரலும் தெரிகிற வரைக்கும்தான். அதைத் தாண்டினால் வெறும் வெள்ளைத் திட்டு, பிறகு எந்த எடிட்டிங்கிலும் மீட்க முடியாது.

ரப்பர் தோட்டத்தில் நேர் எதிர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் இருட்டு, விளக்கு விழுகிற இடத்தில் மட்டும் மரமும் பால் வடிகிற சிரட்டையும். கேமராவோ ‘ஐயோ, இருட்டாக இருக்கிறதே’ என்று மொத்தத்தையும் வெளிச்சமாக்கிவிடும். விளக்கொளி பட்ட பட்டை வெளுத்துப்போகும். இங்கே குறியைக் கீழே இழுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

வெள்ளைக்கு மேலே, கறுப்புக்குக் கீழே. இந்த மாதம் முழுக்க இதை மட்டும் செய்தாலே உங்கள் படங்கள் மாறிவிடும்.

படி 4: அசைவைப் பிடிப்பது

ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை, பழக நம் மாவட்டத்தில் ஒரு இலவசப் பள்ளிக்கூடம் இருக்கிறது: ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இறக்கைகள் நன்றாகச் சுழலும். போனில் புரோ மோட் (வேகத்தையும் வெளிச்சத்தையும் நாமே மாற்றிக்கொள்ளும் வசதி) இருந்தால் அதைத் திறந்து, 1/1000 நொடியில் ஒரு படம் எடுங்கள். இறக்கை உறைந்து நிற்கும், காற்றாலை ஓடுகிறதா என்றே தெரியாது. 1/15 நொடியில் எடுத்தால் இறக்கையின் நுனி கலங்கி ஓட்டம் தெரியும். போனை ஒரு சுவரில் சாய்த்து வைத்தால்தான் கம்பம் அசையாமல் வரும்.

நட்டநடுப் பகலில் மெதுவான வேகம் வைத்தால் படம் வெளுத்துவிடும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையைச் சுருக்க வழி கிடையாது. ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) மிகக் குறைத்து, சாயங்காலம் வெளிச்சம் இறங்கும்வரை காத்திருங்கள். திற்பரப்பு அருவியைப் பட்டு நூல் மாதிரி எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

படி 5: எதை விடுவது

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு (வாய்க்கால் தண்ணீரைத் தாங்கிச் செல்லும் பாலம்) ஒரு தடவை போய்வாருங்கள். 115 அடி உயரம், 28 தூண்கள். மேலே நின்றும் எடுக்கலாம். ஆனால் கீழே இறங்கித் தூண்களுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால்தான் பாலத்தின் பிரம்மாண்டம் பிடிபடும். படத்தின் ஓரத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள், உடனே அளவு தெரிந்துவிடும். முழுப் பாலமும் படத்துக்குள் வர வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று தூணும் கொஞ்சம் வானமும் போதும். சட்டகத்தின் நான்கு மூலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கே குப்பைத் தொட்டியோ பாதி வெட்டுப்பட்ட தலையோ இருந்தால் ஓரடி நகர்ந்து கொள்ளுங்கள். ஜூம் செய்வதைவிட நடப்பது மேல்.

படி 6: மனிதர்களும் பறவைகளும்

கரைமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய மீன் வலை) இழுக்கிற இடத்தில் ஒதுங்கி நின்று வலை கரையேறும்வரை பாருங்கள். கயிற்றுக்குக் குறுக்கே போகக் கூடாது. "அண்ணே, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டியதுதான். முகம்தான் வேண்டுமென்று இல்லை. கயிற்றைப் பிடித்த கையே நல்ல படம்.

சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் தளமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் வரும். பெரும்பாலான போன்களில் பறவையைப் பெரிதாக எடுக்க முடியாது, அதனால் முயற்சி வேண்டாம். குளத்தையும் வயலையும் பின்னணி மலையையும் வைத்து, கொக்கை ஒரு வெள்ளைப் புள்ளியாக ஓரத்தில் விடுங்கள். பறக்கிற படத்துக்காகக் கல்லெறிந்து கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

படி 7: மாதக் கடைசியில் கழித்துக்கட்டுங்கள்

எடுத்த அன்றே அழிக்காதீர்கள். எடுத்தபோது இருந்த சந்தோஷம் வடிந்த பிறகு, மாதக் கடைசியில் உட்கார்ந்து பத்துப் படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த நேரம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் ஆட்கள் இருந்தால் ஸ்டுடியோவில் 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பூ கட்டுகிற அக்கா அடுத்த தடவை நல்ல வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அவராகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.