இழைப்புழுவுக்கு மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஏற்காடு மலையில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் காட்டுமாடு ஒன்று விழுந்து செத்துக்கிடந்தது. பிரேதப் பரிசோதனைக்கு என்னோடு வந்த இரண்டு மாணவர்களும் தோலைக் கிள்ளி எடுத்த கையோடு, திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலைத் திறந்தார்கள். "தம்பி, நில்லுங்க!" என்று கத்தியேவிட்டேன். நானும் அதைத்தான் செய்தேன், ஒரு காலத்தில். கையுறை, கத்தி சுத்தம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தோலை நேராக ஃபார்மலினில் போடுவது

இழைப்புழு என்பது விலங்கின் உடலுக்குள் வாழும் நூல் போன்ற ஒட்டுண்ணிப் புழு. கடிக்கும் ஈக்கள் பரப்பும் இழைப்புழுக்களில் ஆங்கோசெர்கா என்றொரு வகை உண்டு. அதன் குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியா ரத்தத்தில் சுற்றுவதில்லை, தோலுக்குள் கிடக்கும். ஈ தோலைக் கீறி, கசிகிற ரத்தத்தைக் குடிக்கும்போது கூடவே உள்ளே போய்விடும். கால் மில்லிமீட்டர்தான் நீளம். தோல் துண்டை 0.9 சதவீத உப்புநீரில் போட்டுச் சில மணி நேரம் அறைச் சூட்டில் விட்டால், தானாக நெளிந்து வெளியே வரும். உயிருள்ள புழுதான் வரும். ஃபார்மலின் பட்டால் இருந்த இடத்திலேயே செத்துவிடும். அப்புறம் அந்தத் திரவத்தை எத்தனை முறை மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் ஒன்றும் தெரியாது.

ஒரு காலத்தில் நான் அப்படிச் செய்த காட்டுமாட்டிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதிவேட்டில் "புழு இல்லை" என்று எழுதினேன். அதற்குள் மாட்டைப் புதைத்தாகிவிட்டது. காட்டுமாடு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. இன்னொரு துண்டு வேண்டும் என்று போய் வெட்டிக்கொண்டு வர முடியாது. தவறு புரிந்த அன்று அந்த வரியை அடித்துவிட்டு "சரியாகப் பார்க்கப்படவில்லை" என்று எழுதினேன். அதற்குள் அந்த "இல்லை" இரண்டு அறிக்கைகளில் ஏறிவிட்டது. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

துண்டை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி உப்புநீருக்கு, மறு பாதி திசு வெட்டிப் பார்க்க ஃபார்மலினுக்கு. டிஎன்ஏ பார்க்க வேண்டுமானால் மூன்றாவது துண்டு ஆல்கஹாலில். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். உப்புநீர்க் குப்பியை மட்டும் ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் புழு விறைத்துப்போகும். காதில் மட்டும் கிள்ளாமல் நெஞ்சடி, தொப்புளைச் சுற்றிய தோல் என்று பல இடத்தில் எடுங்கள்.

ரத்தத்தை ஒரே நேரத்தில் எடுப்பது

செட்டேரியா என்ற இன்னொரு இழைப்புழுவின் குஞ்சு ரத்தத்தில்தான் இருக்கும், கொசு பரப்பும். மாட்டுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. வழிதவறி ஆட்டின் தண்டுவடத்துக்குள் போனால் பின்னங்கால் செயலிழந்துவிடும். ரத்தத்தில் வாழும் சில இனங்கள் இரவில் மிகுந்து பகலில் ஒளிந்துகொள்ளும். உயிருள்ள விலங்கு என்றால் இரண்டு வேளையும் எடுங்கள்.

தேங்கிய நீரை மட்டும் தேடுவது

புழுவைப் பரப்பும் பூச்சியையும் தேட வேண்டும். ஆங்கோசெர்காவைப் பரப்பும் ஈக்களில் ஒன்றான சின்னக் கருப்பு ஈயின் லார்வா ஓடுகிற ஓடையில், கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லைப் புரட்டுங்கள்.

ஈயின் வயிற்றில் புழுவைக் கண்டதும் அந்த ஈதான் பரப்புகிறது என்று முடிவு கட்டுவது

குடித்த ரத்தத்தோடு எந்தப் புழுவும் எந்த ஈக்குள்ளும் போகும். அங்கே அது மூன்றாம் பருவம் வரை வளர்ந்து வாய்ப்பகுதிக்கு வந்தால்தான் அடுத்த விலங்குக்குப் பரவும். ஈயின் தலையைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

லேபிள்

பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.