ரஃப் நோட்டைக் கிழிக்காதீர்கள்: மலைக்குறிப்பு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள நந்தி மலையில் காலை முழுக்கச் சுற்றிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அல்சூரிலிருந்து என்னோடு வந்திருந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி, பையிலிருந்து கெட்டி அட்டை போட்ட புது நோட்டை எடுத்தாள். காலையில் கிறுக்கியதையெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் அதில் எழுதிக்கொண்டாள். முடித்ததும் கிறுக்கல் பக்கத்தைக் கிழித்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். நான் எழுந்துபோய் அதை எடுத்து, மடியில் வைத்து நீவி அவளிடமே கொடுத்தேன்.

“ஏன்க்கா, அதான் மாத்தி எழுதிட்டேனே?”

அவள் செய்ததைத்தான் நானும் செய்தேன், பதினோரு வருடக் குறிப்புகளுக்கு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தேதி போடுங்கள், பென்சில் கொண்டுபோங்கள், நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதற்குள் நான் போகவில்லை. மலைக்குப் போய்ச் செடி, பறவை, பாதை என்று வருடக்கணக்கில் எழுத நினைக்கிறவர்கள் சறுக்குகிற, நானும் சறுக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அபூர்வமானதை மட்டும் எழுதுவது

1992இல் நான் எழுத ஆரம்பித்தபோது, அல்சூர் வீட்டில் மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே சிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. தரையில் வைக்கோல் விழும். அம்மா தினமும் கூட்டித் தள்ளுவார். என் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நந்தியில் நீலகிரிக் காட்டுப்புறாவைப் பார்த்த ஒவ்வொரு நாளும் இருக்கிறது. பாறைச் சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்த்தது அடிக்கோடு போட்டு இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை, அடிக்கோடு போட வேண்டியதுதான். ஆனால் அதே சரிவில் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்த செம்மீசைச் சின்னான்கள் ‘மற்றவை’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. எங்கள் தெருவிலிருந்து குருவிகள் எந்த வருடம் போயின என்று இன்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தான்.

‘ஃபேர்’ நோட்டுக்கு மாற்றிவிட்டு ‘ரஃப்’ நோட்டை எறிவது

இருபது வருடம் தாண்டியும் எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

2003இல் வீடு மாறினோம். அப்போது என்னிடம் பதினான்கு ரஃப் நோட்டுகள் இருந்தன. மழையில் ஊறிக் காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்த பக்கங்கள், பஸ் ஆட்டத்தில் கோணிய எழுத்து, சில இடங்களில் அட்டை கடித்த ரத்தக் கறை. இப்படிக் கிடக்கிறதே என்று, இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான்கு தடித்த நோட்டுகளில் எல்லாவற்றையும் சீராக எழுதினேன். பிறகு பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு, செய்தித்தாள்களோடு சேர்த்து ரஃப் நோட்டுகளையும் தராசில் வைத்தேன். வீடு காலியானதில் அன்றைக்கு மனசும் லேசாக இருந்தது.

என்ன செய்துவிட்டேன் என்று புரிய எட்டு வருடம் ஆனது. 2011இல், செடிகளை அழுத்தி வைத்திருந்த பழைய கட்டு ஒன்றைப் பிரித்தேன். செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவே ஒரு ரஃப் நோட்டு. 1996–97 குளிர்காலத்தினுடையது, கனத்துக்காக நானே அங்கே செருகியிருக்க வேண்டும். ஃபேர் நோட்டையும் எடுத்துவந்து, ஒரே நாளின் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ரஃப் நோட்டில்:

“26.1.97 ஞாயிறு. 7.20. அமிர்த சரோவரத்துக்கு மேலே, பெரிய மரம். பனிமூட்டம். கதிர்க்குருவி 2? 3? ஒன்றுக்கு வயிறு நல்ல மஞ்சள். மற்றது வெளுப்பு. இறக்கையில் கோடு ஒன்று. இன்னொன்றும் இருக்கிற மாதிரி. குரல் எனக்கு மூன்று அசை, கூட வந்தவருக்கு இரண்டு. உறுதி இல்லை.”

ஃபேர் நோட்டில்:

“26.1.97. நந்தி. கிரீனிஷ் வார்ப்ளர் – 2.”

அவ்வளவுதான். பனிமூட்டம் போய்விட்டது, மரம் போய்விட்டது, மஞ்சள் வயிறு போய்விட்டது. இரண்டு கேள்விக்குறிகளும் இல்லை. நான் பொய் எழுதவில்லை. 1997ஐ விட 2003இல் எனக்குப் பறவைகளைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தில், அன்றைக்கு முடிவு செய்யாமல் விட்டதையெல்லாம் நானே முடிவு செய்துவிட்டேன்.

குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் கதிர்க்குருவிகளை (ஆங்கிலத்தில் வார்ப்ளர்) பிரித்தறிவது எவ்வளவு சிரமம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைவிரல் அளவு, மரத்தின் உச்சாணியில், ஒரு நொடி நிற்காது. அந்தக் காலத்தில் எங்கள் கையில் இருந்த கையேட்டில் கிரீன் வார்ப்ளர், கிரீனிஷ் வார்ப்ளர் இரண்டும் ஒரே இனத்தின் வகைகளாக இருந்தன. இன்று இரண்டும் தனித்தனி இனம். எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? கிரீனுக்கு அடிப்பக்கம் மஞ்சள் தூக்கலாக இருக்கும், கிரீனிஷுக்கு வெளுப்பு. கிரீனின் குரல் பெரும்பாலும் மூன்றாக உடையும், கிரீனிஷின் குரல் இரண்டாக. நான் வேண்டாம் என்று விட்ட அதே இரண்டு குறிப்புகள்! அந்த மரத்தில் அன்று இரண்டு இனமும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்து, “தொண்ணூறுகள்ல நந்தியில கிரீன் எவ்வளவு, கிரீனிஷ் எவ்வளவு, உங்க நோட்டுலேருந்து சொல்ல முடியுமா மேடம்?” என்று கேட்டாள். பதினோரு குளிர்காலத்தில் ஒரே ஒரு குளிர்காலத்தைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது. பழைய பேப்பர் கட்டோடு போகாமல் தப்பியது அது ஒன்றுதானே.

முதல்நாள் பக்கங்கள் பத்திரமாக இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைதான் நான் எப்போதும் சொல்லும் உதாரணம். ஜோசப் கிரின்னல் என்ற விலங்கியலாளரும் அவருடைய குழுவினரும் 1914இலிருந்து 1920 வரை அங்கே மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை நடந்து குறிப்பெடுத்தார்கள். எந்த உயரத்தில் எத்தனை பொறி வைத்தார்கள், எத்தனை ராத்திரி வைத்தார்கள், என்ன கிடைத்தது என்று அந்தந்த நாளே எழுதிவைத்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, அவர் வேலை பார்த்த பெர்க்லி அருங்காட்சியகத்துக்காரர்கள் அதே நோட்டுகளைப் பிடித்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போனார்கள். எலி, மூஞ்சூறு, அணில் மாதிரியான 28 சிறு பாலூட்டி இனங்களைக் கவனித்ததில், பாதி இனங்கள் சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேலே ஏறியிருந்தன. மலை சூடானதில் உயிர்கள் எப்படி இடம் மாறின என்பதை அந்த நோட்டுகளை வைத்துத்தான் கண்டார்கள். கிரின்னல் காலத்தில் யாராவது ‘இங்கே இவை உண்டு’ என்று சுருக்கி எழுதிவிட்டு மூலத்தை எறிந்திருந்தால் இது நடந்திருக்காது.

மாற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள், தேடி எடுக்க வசதி. ஆனால் கேள்விக்குறியைக் கேள்விக்குறியாகவே எழுதுங்கள். இப்போது வேறு மாதிரித் தோன்றினால் வேறு மையில், இன்றைய தேதி போட்டு, ஓரத்தில் எழுதுங்கள். ரஃப் நோட்டு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதுதான் மூலம். ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் பதிகிறவர்களுக்கும் இதுவே. பட்டியலில் ஏதாவது ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டில் ஏதோ ஒன்று என்றும், இனம் தெரியாத கதிர்க்குருவி என்றும் பதிய அதிலேயே வசதி இருக்கிறது. கீழே குறிப்பு எழுதும் கட்டமும் இருக்கிறது. காலியாக விடாதீர்கள்.

மலையின் பெயரை மட்டும் எழுதுவது

1995 மே மாதம் ஒரே வாரத்தில் ஊட்டியும் கொடைக்கானலும் போனோம். ‘மலைப் பயணம்’ என்று ஒரே தலைப்பு போட்டு ஃபேர் நோட்டில் எழுதியிருக்கிறேன். சோலைக்குள், புதருக்கு அடியில், நீலநிறத்தில் ஒரு சின்னப் பறவை பார்த்ததாக ஒரு வரி. அன்றைக்கு அது ஒரே இனம். இன்று ஆங்கிலப் பட்டியல்களிலேயே ‘சோலாகிலி’ என்று நம் வார்த்தையால் அழைக்கப்படும் அது, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு இனம், தெற்கே ஒரு இனம். நீலகிரியில் உள்ளதற்கு வயிற்றோரம் செம்பழுப்பு. பழனி மலையில் உள்ளதற்கு நடுவயிறு வெள்ளை. நான் பார்த்தது ஊட்டியிலா கொடைக்கானலிலா? பக்கத்தில் அது இல்லை.

நந்தி என்றால் நந்தியில் எங்கே? அடிவாரத்து போக நந்தீஸ்வரர் கோயிலா, மேலே உள்ள யோக நந்தீஸ்வரர் கோயிலா? இரண்டுக்கும் நடுவே காற்றும் மரங்களும் வேறு. இப்போது போன் உயரத்தையே காட்டுகிறது. அந்த எண்ணையும் எழுதிவிடுங்கள்.

யார் எந்த மொழியில் சொன்னது என்று எழுதாமல் விடுவது

இது பெங்களூர்த் தமிழர்களுக்கே உரிய சிக்கல். வழிகாட்டி கன்னடத்தில் சொல்வார், நாம் காதில் தமிழாக வாங்குவோம், நோட்டில் ஆங்கிலத்தில் எழுதுவோம்.

பிளிகிரிரங்கன மலைக்கு ஒரு தடவை கூட்டிப்போன பையன் நோட்டில் ‘அத்தி மரம், உயரமானது, பட்டை முதலைத் தோல் மாதிரி’ என்று இருந்தது. அத்தி மரத்துக்கு ஏது முதலைத் தோல்? வழிகாட்டி சொன்னது ‘மத்தி’. நம்மூரில் அதைக் கருமருது என்போம். கட்டம் கட்டமாக வெடித்த பட்டை அதன் அடையாளமே. நல்ல வேளையாக அவன் பட்டையைப் பார்த்து எழுதியிருந்தான், அதனால் பிடிபட்டது. வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அந்த மலைச்சரிவில் இல்லாத அத்தி மரங்கள் அவன் நோட்டில் நின்றிருக்கும். கேட்ட சொல்லைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ‘கன்னடம், வழிகாட்டி’ என்று போடுங்கள். பிறகு இலை, பட்டை, காய்.

‘குறிஞ்சி பூத்தது’ என்று எழுதுவது

எந்தக் குறிஞ்சி? அந்தப் பேரினத்தில் எத்தனையோ செடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. நடுவே வரும் வருடங்களில் செடி எந்த உயரம், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்ததா என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. இப்போதே தொடங்கலாம்.

ஒன்றும் பார்க்காத நாளை விட்டுவிடுவது

விடாதீர்கள். ‘மூன்று மணி நேரம், மழை, எதுவும் இல்லை’ என்பதும் குறிப்புதான்.

படம் இருக்கிறதே என்று எழுதாமல் இருப்பது

படத்தில் குரல் இல்லை, வாசனை இல்லை.

கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போடுவது

வேண்டாம். நோட்டோடு இருக்கட்டும்.

நனைந்த நோட்டை வெயிலில் காயப்போடுவது

பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது எழுத்தோடு உரிந்து வரும். 1999 குதுரேமுக் மழையில் ஒன்பது பக்கம் எனக்கு அப்படிப் போனது. ஒவ்வொரு தாளுக்கும் நடுவே செய்தித்தாள் துண்டு வைத்து, ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் விட்டுவிடுங்கள். துண்டுகளை மட்டும் காலையும் மாலையும் மாற்றினால் போதும்.