பரிசு விழுந்த பிறகு கணக்குக் கேட்டால் எப்படிப் போடுவது

டொரண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் போனில் ஒரே புலம்பல். ஏதோ கடைக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்திருக்கிறது, காபி மெஷின் பரிசு, ஆனால் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு: 12 × 5 + 48 ÷ 6 − 9. "இதெல்லாம் ஒரு கணக்கா அண்ணா" என்று மனசுக்குள்ளேயே போட்டு 9 என்று எழுதிக் கொடுத்துவிட்டான். விடை 59. மெஷின் போச்சு. இன்ஜினியரிங் படித்தவன் வேறு, அதனால்தான் அவனுக்கு ஆறவே இல்லை.

அங்கே ஏன் கணக்குக் கேட்கிறார்கள் என்றால், வெறும் அதிர்ஷ்டத்தை வைத்துப் பரிசு கொடுப்பதைக் கனடா குற்றவியல் சட்டத்தின் 206ஆம் பிரிவு தடுக்கிறது. திறமையும் கலந்திருக்கிறது என்று காட்டத்தான் இந்தக் கேள்வி. (நமக்கு அந்தக் கவலையே இல்லை. 1979லேயே வந்த பரிசுத் திட்டத் தடைச் சட்டத்தால்தான் பல பாக்கெட்டுகளில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்.)

சரி, எப்படிப் போடுவது? முதலில் பேப்பரும் பேனாவும் எடுங்கள். கேள்வி எவ்வளவு சுலபமாகத் தெரிந்தாலும் எடுங்கள். பெருக்கலும் வகுத்தலும் வரும் இடங்களைத் தனித்தனியாக வட்டம் போடுங்கள்: 12 × 5 ஒரு வட்டம், 48 ÷ 6 இன்னொன்று. அவற்றை முடித்தால் 60 + 8 − 9. அப்புறம் இடமிருந்து வலமாகப் போனால் 59. தம்பி செய்தது என்ன? 60, 108, 18, 9 என்று கண்ணில் பட்ட வரிசையிலேயே போயிருக்கிறான்.

பெருக்கல் ஏன் முதலில் என்று என் அக்கா பையன் கேட்டான், எட்டாவது படிக்கிறான். அவனை ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குக் கூட்டிப் போயிருந்தபோது கிடைத்த சீட்டையே எடுத்துக் காட்டினேன். 27 கிரேட் (பெட்டி), கிரேட் 340 ரூபாய், இறக்குக்கூலி கிரேட்டுக்கு 15. எழுதினால் 27 × 340 − 27 × 15. அதாவது 9,180ல் 405 போக 8,775. இதையே வரிசையாகப் போட்டுப் பார் என்றேன். 9,180ல் 27 கழித்து, வந்ததை 15ஆல் பெருக்கினான், 1,37,295 வந்தது. "மாமா, மண்டிக்காரர் இவ்வளவு குடுத்தா நாம கார் வாங்கிடலாம்" என்று சிரித்தான். கூலியைக் கிரேட் எண்ணிக்கையோடு பெருக்கி முடிக்காமல் விலையில் கை வைக்கக் கூடாது என்பது அதற்குப் பிறகு அவனுக்கு மறக்கவே இல்லை.

அடைப்புக்குறி, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசையைப் போட்மாஸ் (BODMAS) என்று மனப்பாடம் செய்தவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரம், கூட்டலும் கழித்தலும் ஒரே தரம், எது முதலில் வருகிறதோ அதுதான் முதலில். 20 − 8 + 5 என்றால் 17. கூட்டல் முந்தும் என்று நினைத்தால் 7 வந்து நிற்கும். அடைப்புக்குறி இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது. கடைசியில் தோராயமாக ஒரு பார்வை: 27ஐ 30 என்றும் 340ஐ 300 என்றும் வைத்தால் 9,000, ஆக 9,180 பக்கத்தில்தான் இருக்கிறது.

இனி, பழக்குவது. தினமும் ஐந்து கணக்கு போதும், கால்குலேட்டர் கூடாது, கடிகாரம் முதல் வாரம் வேண்டாம். பிள்ளை சரியாகப் போட்டால் "கணக்குல புலிடா" என்று சொல்லிவிடாதீர்கள். 1998ல் முல்லர், டுவெக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். அறிவாளி என்று புகழப்பட்டவர்கள் அடுத்து சுலபமானதையே தேடினார்கள், கஷ்டமானதில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் அப்படி இல்லை. ஒரு வாக்கியத்தில் பிள்ளையே மாறிவிடும் என்று நான் நம்பவில்லை, ஆனால் "வட்டம் போட்டுட்டு ஆரம்பிச்சியே, அது நல்லா இருந்துச்சு" என்று சொல்வதில் நமக்கென்ன செலவு? தப்பாகப் போட்டால் விடையைச் சொல்லாமல் எந்த வரியில் தடம் மாறியது என்று அவனையே தேடவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

"எனக்குக் கணக்கு வராது" என்பவர்களும் தம்பி மாதிரி "இதெல்லாம் ஒரு கணக்கா" என்பவர்களும் ஒன்றுதான், இரண்டு பேருமே பேனாவைத் தொடுவதில்லை.

அக்கா பையன் இப்போது எட்டாவது பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிறான், தேறினால் வருடம் 12,000 ரூபாய். ஒரு தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிடம். அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து கடிகாரம் வைத்தே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம். டொரண்டோ தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் சேர்ந்துகொள்கிறான், போன வாரம் எட்டாவது பையனிடம் இரண்டு கணக்கில் தோற்றான்.