ஜிப்சியா, பொலீரோவா? முதலில் பாதையை அளந்து பாருங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டி வாங்கப் போகிறீர்களா? வண்டியைப் பார்க்கும் முன், நீங்கள் தினமும் போகும் ஏலக்காய்த் தோட்டப் பாதையில் மிகக் குறுகலான இடத்தை டேப்பால் அளந்துவிடுங்கள். பெரும்பாலும் அது தோட்டத்து கேட்டாகவோ ஓடைப் பாலமாகவோதான் இருக்கும்.

மாருதி ஜிப்சி 1540 மில்லிமீட்டர், அதாவது சுமார் 5 அடிதான் அகலம். மஹிந்திரா பொலீரோ 1745; பக்கவாட்டுக் கண்ணாடிகளை விரித்தால் இன்னும் கூடும். இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் இந்த 8 அங்குலம் பெரிய விஷயம். ஜிப்சி எடையும் மிகக் குறைவு என்பதால் மழைக்காலச் சேற்றில் அவ்வளவாகப் புதையாது, சிக்கினாலும் நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம்.

ஆனால் ஏலக்காய் மூட்டையோ ஆட்களோ தினமும் ஏற்றுகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஜிப்சியின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் பாரத்தோடு ஏற்றத்தில் திணறும். அவர்களுக்கு டீசல் பொலீரோதான் சரி. ஆனால் பொலீரோவில் டூ வீல் டிரைவ் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்) வண்டிகளே அதிகம். கியர் அருகே இரண்டாவது லீவர் இருக்கிறதா, போட்டால் முன்சக்கரமும் இழுக்கிறதா என்று மண் தரையில் ஓட்டிப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். அப்புறம், தமிழ்நாட்டுப் போடியில் வாங்கி கேரளத்து இடுக்கியில் ஓட்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி.யையும் (தடையில்லாச் சான்று) சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.